ஃபேரர் பார்க் கொண்டோவும் பிடிபட்ட 3,330 வெள்ளியும்: ஒரு வாடகை வீட்டின் நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரில் இரண்டு ஆண்டு குடியிருந்த கொண்டோவை, அதாவது தனியார் அடுக்குமாடி வீட்டைக் காலி செய்த ஒரு குடும்பத்துக்கு, டெபாசிட்டாகக் கொடுத்திருந்த 8,400 வெள்ளியில் (சிங்கப்பூர் டாலர்) 5,070 வெள்ளிதான் கைக்கு வந்தது. மீதி 3,330 வெள்ளியைப் பிடித்துக்கொண்ட வீட்டுக்காரர், எதற்கு எவ்வளவு என்று ஐந்து வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அந்த ஐந்து வரியும் எங்கிருந்து வந்தன, அவற்றில் எது நின்றது, எது விழுந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கணவர் முன்பு என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஒப்பந்தம், வாட்ஸ்அப் உரையாடல், படங்கள், ரசீதுகள் எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்து, எழுதவும் சம்மதித்தார். யாருடைய அடையாளமும் தெரியாதபடி கட்டடத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிப் படித்தபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. வீட்டைக் காலி செய்யும் நாளில் வெடித்த இந்தத் தகராறு, வீட்டுக்குள் காலடி எடுத்து வைப்பதற்கு முன்பே, வாடகை ஒப்பந்தத்துக்கு முன்னால் எழுதுகிற விருப்பக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட ராத்திரியிலேயே பாதி முடிவாகிவிட்டது. சிங்கப்பூரில் கொண்டோ வாடகைக்கு எடுக்கிற நம்மவர்கள் பலர் அந்தக் கடிதத்தை வெறும் முன்பதிவுச் சீட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டும் என்று பட்டது.

பின்னணி

கணவர் எம்ப்ளாய்மென்ட் பாஸில், அதாவது வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியில் இருந்தார். மனைவியும் சின்ன மகளும் அவரைச் சார்ந்த பாஸில். வீடு தேடியது 2022 நவம்பரில், அதாவது இந்த ஊரில் வாடகை எகிறிக்கொண்டிருந்த நேரத்தில். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் கணக்குப்படி தனியார் வீடுகளின் வாடகைக் குறியீடு அந்த ஒரே ஆண்டில் 29.7 விழுக்காடு ஏறியது. காலையில் பார்த்த வீடு மாலையில் போய்விடும். கேட்ட வாடகைக்கு மேலே போட்டுக் கொடுக்கவும் ஆள் இருந்தது. அப்படிப்பட்ட சந்தையில் குடிவருகிறவருக்குப் பேரம் பேசத் தைரியம் வராது. இந்தக் கதையில் பின்னால் நடந்த பலவற்றுக்கும் அந்தப் பதற்றமே வேர்.

முதலில் அவர்கள் தேடியது வீவக வீட்டைத்தான், அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அரசு அடுக்குமாடி வீட்டை. கோயில், கடை, எம்ஆர்டி ரயில் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும் என்று ஃபேரர் பார்க்கைச் சுற்றியே பார்த்தார்கள். ஒரு வீடு பிடித்தும் போனது. ஆனால் முழு வீவக வீட்டை, மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடுவதில் ஒதுக்கீடு உண்டு: வட்டாரத்தில் 8 விழுக்காடு, புளோக்கில் 11 விழுக்காடு. அந்த புளோக்கில் ஒதுக்கீடு நிரம்பிவிட்டது. வீட்டுக்காரரே விரும்பினாலும் கொடுக்க முடியாது. கொண்டோவுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அப்படித்தான் கைக்கு அடங்காத வாடகையில் ஒரு கொண்டோவுக்குத் திரும்பினார்கள்.

கிடைத்தது இரண்டு படுக்கையறை வீடு. 2014இல் கட்டி முடித்த சின்னக் கட்டடம், சின்ன நீச்சல் குளம். வரவேற்பறையில் வெள்ளைப் பளிங்குத் தரை, அதோடு ஒட்டினாற்போல் தடுப்பில்லாத சமையலறை. மாதம் 4,200 வெள்ளி, இரண்டு ஆண்டு, டெபாசிட் இரண்டு மாத வாடகை. ஓராண்டு ஒப்பந்தம் என்றால் ஒரு மாதம், ஈராண்டு என்றால் இரண்டு மாதம் என்பதுதான் இங்கே வழக்கம். இது சட்டம் சொல்கிற கணக்கு அல்ல, பேசி மாற்றிக்கொள்ளலாம்.

தைப்பூசத்துக்கு சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் புறப்படுவது வீட்டுக்குப் பக்கத்திலேயே. அந்த ஒரு காரணத்துக்காகவே இன்னும் ஐம்பது வெள்ளி கொடுக்கலாம் என்று மனைவி சொன்னாராம். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

விருப்பக் கடிதம் எழுதிய ராத்திரி

வீட்டைக் காட்டியது வீட்டுக்காரரின் ஏஜென்ட். நீங்கள் தனியாக ஏஜென்ட் வைக்க வேண்டியதில்லை, நானே எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் சிங்கப்பூரில் ஒரே பரிவர்த்தனையில் ஒரு ஏஜென்ட் இரண்டு தரப்புக்கும் வேலை பார்க்கக் கூடாது. 2010இல் வந்த விதிமுறை அதைத் தடுக்கிறது. அவர் வீட்டுக்காரரின் ஆள். இவர்கள் பக்கம் யாரும் இல்லை. சட்டப்படி அதில் தவறில்லை, குடிவருகிறவர் ஏஜென்ட் இல்லாமலும் எடுக்கலாம். அப்படி எடுத்தால், எதிரே இருப்பவர் எழுதுகிற ஒவ்வொரு வரியும் எதிர்த்தரப்பின் வரி என்ற நினைப்போடு படிக்க வேண்டும்.

கணவர் இரண்டு விஷயத்தை ஒழுங்காகச் செய்தார். ஏஜென்ட் கொடுத்த பதிவெண்ணையும் கைப்பேசி எண்ணையும் சொத்து ஏஜென்ட்டுகளை ஒழுங்குபடுத்தும் சிஇஏ மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் தேடி, இரண்டும் பொருந்துவதைப் பார்த்தார். ஏஜென்ட் போல வேடம் போட்டு முன்பணம் வாங்கிக்கொண்டு மறைகிற மோசடி இங்கே அடிக்கடி நடக்கிறது. அப்புறம் நில ஆணையத்தின் இணையச் சேவையில் சிறு கட்டணம் கட்டி, வீடு யார் பெயரில் இருக்கிறது என்று எடுத்து, பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயரோடு ஒப்பிட்டார்.

அன்று இரவு ஒன்பது மணிவாக்கில் விருப்பக் கடிதம் வந்தது. எல்லாரும் எல்ஓஐ என்றுதான் சொல்வார்கள். ஒன்றரைப் பக்கம். மறுநாள் காலைக்குள் கையெழுத்தும், நம்பிக்கைப் பணமாக ஒரு மாத வாடகையும் வேண்டும், இன்னொரு குடும்பம் காத்திருக்கிறது என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். வாடகை, காலம், தொடங்கும் தேதி, டெபாசிட், இருக்கும் மரச்சாமான்கள், சின்னப் பழுதுக்கு 200 வெள்ளி வரம்பு. இவ்வளவுதான் அதில் இருந்தது.

கணவர் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: டிப்ளமேட்டிக் கிளாஸ், அதாவது வேலை போய் நாட்டை விட்டுப் போக நேர்ந்தால் ஒப்பந்தத்திலிருந்து முன்பே விலக வழிசெய்யும் விதி. ஏஜென்ட் மறுக்காமல் சேர்த்தார்.

மனைவி இன்னொன்றைக் கேட்டார். விளம்பரத்தில் ‘லைட் குக்கிங்’, அதாவது லேசான சமையல் மட்டும் என்று போட்டிருந்தது. நாங்கள் தினமும் சமைக்கிறவர்கள், தாளிப்போம், வாரத்தில் ஒரு நாள் மீன் உண்டு, பரவாயில்லையா என்று வாட்ஸ்அப்பில் கேட்டார். சாதாரணக் குடும்பச் சமையல்தானே, ஒரு பிரச்சினையும் இல்லை என்று ஏஜென்டிடமிருந்து பதில் வந்தது. அந்தப் பதிலோடு திருப்தி அடைந்து, கடிதத்தில் அதை எழுதச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்கள்.

நான்கைந்து நாள் கழித்து வாடகை ஒப்பந்தத்தின் வரைவு வந்தது. பன்னிரண்டு பக்கம். அதில் ஒரு வரி: குடியிருப்பவர் லைட் குக்கிங் மட்டும் செய்ய வேண்டும், சமையலால் ஏற்படும் கறை, வாசனை, நிறமாற்றம் அனைத்தையும் தம் செலவில் சரிசெய்து தர வேண்டும். எது லைட், எது இல்லை என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. அதை எடுக்கச் சொன்னபோது ஏஜென்டின் குரல் மாறிவிட்டது. எல்ஓஐயில் இல்லாத எதையும் வீட்டுக்காரர் இப்போது மாற்ற மாட்டார், பின்வாங்கினால் கொடுத்த 4,200 வெள்ளி திரும்பாது என்றார்.

இந்த இடத்தில்தான் நிற்க வேண்டும். எல்ஓஐயில் கையெழுத்துப் போடும்வரை பணமும் முடிவும் குடிவருகிறவர் கையில் இருக்கின்றன. வீட்டுக்காரருக்கும் வீடு சும்மா கிடக்கக் கூடாதே என்ற கவலை இருக்கும். அந்த நேரத்தில் கேட்டால், நியாயமானதற்குப் பெரும்பாலும் சரி என்பார்கள். டிப்ளமேட்டிக் கிளாஸ் அப்படித்தான் ஒரே வார்த்தையில் கிடைத்தது. கையெழுத்தாகிப் பணம் போனபின் நிலைமை தலைகீழ். ஒப்பந்தம் என்பது எல்ஓஐயில் பேசியதை விரித்து எழுதுவதுதான் என்று ஆகிவிடுகிறது. அதில் பேசப்படாத எல்லாவற்றையும் வரைவு எழுதுகிறவர் தன் வசதிப்படி நிரப்புகிறார். எல்ஓஐயிலேயே ‘இரு தரப்பும் ஏற்கும் ஒப்பந்தத்துக்கு உட்பட்டு’ என்று ஒரு வரியும், ஒப்பந்தத்தில் உடன்பாடு வராவிட்டால் நம்பிக்கைப் பணம் திரும்பத் தரப்படும் என்று ஒரு வரியும் இருந்திருந்தால், அந்த 4,200 வெள்ளி மிரட்டலுக்கு வேலையே இருந்திருக்காது.

வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள்.

முத்திரை வரி பற்றி ஒரு வார்த்தை. நான்கு ஆண்டுக்கு உட்பட்ட ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. 24 மாதத்துக்கு 1,00,800 வெள்ளி, ஆக வரி 403 வெள்ளி. சிங்கப்பூரில் கையெழுத்தானால் 14 நாளுக்குள் கட்ட வேண்டும். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது. ஏஜென்ட் கட்டிவிட்டேன் என்று சொன்னால் போதாது, சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கொண்டோ நிர்வாக அலுவலகத்தில் நுழைவு அட்டை வாங்கப் போனபோது முதலில் கேட்டதே முத்திரையிட்ட பிரதியைத்தான். சாமான் ஏற்றி இறக்க ஒரு டெபாசிட், குறிப்பிட்ட நேரம், சரக்கு லிஃப்ட் முன்பதிவு என்று நிர்வாகம் கேட்ட மற்றவை வழக்கமானவை.

சாவி வாங்கிய நாள்

இந்த வழக்கில் அவர்களைக் காப்பாற்றியது மனைவியின் பொறுமை. சாவி வாங்கிய அன்று, சாமான் உள்ளே வருவதற்கு முன், கைப்பேசியில் ஒவ்வொரு அறையாக வீடியோ எடுத்தார். அலமாரிக் கதவுகளைத் திறந்து உட்புறம், அடுப்புக்கு மேலே உள்ள மரப்பலகையின் விளிம்பு, ஏர்கான் கீழே சுவரில் இருந்த தண்ணீர்த் தடம், சன்னல் திரையின் அடிப்பகுதி. அதைவிட முக்கியம், அன்று இரவே முழுவதையும் ஏஜென்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, இவையெல்லாம் நாங்கள் வருவதற்கு முன்பே இருந்தவை என்று எழுதினார். தன் கைப்பேசியிலேயே வைத்திருந்தால், எப்போது எடுத்தது என்று பின்னால் கேள்வி வந்திருக்கும்.

வீடியோவில் ஒரு ஓட்டை இருந்தது. பளிங்குத் தரையை நின்ற உயரத்திலிருந்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டியிருக்கிறார், கிட்டப் போய் எடுக்கவில்லை. சமையலறையும் வரவேற்பறையும் சேரும் இடத்தில் தரை எப்படி இருந்தது என்று அதில் தெரியாது.

முதல் முப்பது நாளில் கண்ட பழுதுகளை வீட்டுக்காரரே சரிசெய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாய் ஒழுகியது, ஒரு விளக்கு எரியவில்லை. இரண்டையும் உடனே பார்த்துக் கொடுத்தார். அவர் மோசமான மனிதர் அல்ல என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டும் கூப்பிட்ட நேரத்துக்குப் பதில் சொல்லியிருக்கிறார்.

நடுவில் வந்த பயம்

பத்தாவது மாதம், 2023 செப்டம்பர் கடைசியில், கணவரின் நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தது. அவர் பெயரும் பட்டியலில். அன்று மாலை எனக்கு அழைத்தார்.

“அண்ணே, டிப்ளமேட்டிக் கிளாஸ் இருக்கே, அதை வச்சு அடுத்த மாசமே வெளியே வந்துடலாம்ல?”

“முடியாது தம்பி. அந்த வரியை முழுசா படிச்சுப் பாருங்க.”

அந்த வரி சொன்னது இது: குறைந்தது 12 மாதம் முடிந்த பிறகு, வேலை போய்ச் சிங்கப்பூரை விட்டுப் போக நேர்ந்தால், சான்று காட்டி இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுத்து விலகலாம். ஏறத்தாழ எல்லா ஈராண்டு ஒப்பந்தங்களிலும் இதே வடிவம்தான். பத்தாவது மாதக் கடைசியில் இருப்பவருக்கு 12 மாதம் முடிய இன்னும் இரண்டு மாதம், அப்புறம் முன்னறிவிப்பு இரண்டு மாதம். ஆக நான்கு மாத வாடகை, 16,800 வெள்ளி. அதோடு, வீட்டுக்காரர் தன் ஏஜென்டுக்குக் கொடுத்த ஒரு மாத வாடகைக் கமிஷனில் மீதிக் காலத்துக்கான பங்கைத் திருப்பித் தர வேண்டும் என்ற இன்னொரு வரியும் இருந்தது. 24 மாதத்தில் 10 மாதம் மிச்சம் என்றால் 1,750 வெள்ளி. மொத்தம் 18,550.

பாஸ் ரத்தானால் இந்த நாட்டில் இருக்கக் கிடைப்பது பொதுவாக 30 நாள். வாடகைப் பொறுப்போ நான்கு மாதம். இந்த இரண்டு கணக்குக்கும் இடையில் ஒரு குடும்பம் நசுங்கும் என்பதை எல்ஓஐ எழுதும்போது யாரும் யோசிப்பதில்லை. ‘பன்னிரண்டு மாதத்துக்குப் பிறகு’ என்பதைப் பத்தாக்கச் சொல்லிக் கேட்கலாம். அல்லது முன்னறிவிப்பை முன்கூட்டியே, பத்தாவது மாத முடிவிலேயே கொடுத்து 12ஆம் மாத முடிவில் விலகலாம் என்று எழுதச் சொல்லலாம். பல வீட்டுக்காரர்கள் மறுப்பார்கள், சிலர் ஒப்புக்கொள்வார்கள். கேட்பதற்கு அந்த ஒரு ராத்திரிதான் இருக்கிறது.

இருந்தாலும் அந்தக் கிளாஸ் இருந்ததே பெரிது. அது இல்லாவிட்டால் காகிதப்படி மீதி 14 மாதத்துக்கும், 58,800 வெள்ளிக்கும், பொறுப்பு அவருடையது. வீட்டுக்காரரும் வேறு ஆள் தேடி நட்டத்தைக் குறைக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. ஆனால் விமானம் ஏறப் போகிறவர் எங்கே நின்று வாதாடுவது?

நல்லவேளை, பழைய வேலையின் அறிவிப்புக் காலம் முடிவதற்குள் வேறு நிறுவனத்தில் வேலை கிடைத்துப் புதுப் பாஸும் வந்தது. கிளாஸைத் தொட வேண்டி வரவில்லை.

ஐந்து வரிகள்

2024 நவம்பர் கடைசியில் காலி செய்தார்கள். வாடகைச் சந்தை அதற்குள் தணிந்துவிட்டது. 2023இல் 8.7 விழுக்காடு ஏறிய தனியார் வாடகைக் குறியீடு 2024இல் 1.9 விழுக்காடு இறங்கியது. வீட்டுக்காரர் பழைய வாடகைக்கே தொடரச் சொன்னார், இவர்கள் குழந்தையின் பள்ளிக்காக பொத்தோங் பாசிர் பக்கம் போக முடிவு செய்தார்கள். வீட்டைச் சுத்தம் செய்து சாவியைக் கொடுத்தார்கள். பன்னிரண்டாவது நாள் அந்த மின்னஞ்சல் வந்தது.

ஏர்கான் மூன்றுக்கும் முழுக் கெமிக்கல் ஓவர்ஹால், அதாவது கழற்றி வேதிக் கரைசலில் கழுவுவது, 720 வெள்ளி. வீடு முழுக்கப் பெயின்ட் 1,300. சமையலறை அலமாரிக் கதவு இரண்டு மாற்ற 680. பளிங்குத் தரை பாலிஷ் 450. சன்னல் திரைகள் டிரை கிளீனிங் 180. சேர்த்தால் 3,330.

கணவருக்குக் கோபம், மனைவிக்கு அவமானம். நாம் சமைத்ததால்தான் வீடே பாழாகிவிட்டது என்று சொல்வது போல இருக்கிறது என்றார். அந்த வலி எனக்குப் புரிந்தது. இந்த ஊரில் வீடு தேடுகிற இந்தியர் பலருக்கும், சமையலைக் காரணம் காட்டி ஒதுக்கப்பட்ட அனுபவம் ஒன்றாவது இருக்கும். ஆனால் அந்த வலியை மின்னஞ்சலில் எழுதாமல், ஐந்து வரிகளையும் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது, கையில் என்ன சான்று இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன்.

ஏர்கானுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை சர்வீஸ் செய்து ரசீது வைத்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். எட்டில் ஏழு ரசீது இருந்தது. வேலை போயிருந்த அந்தக் காலாண்டில் விட்டுப்போயிருந்தது. நடுவில் ஒரு முறை தண்ணீர் சொட்டியதற்கு 90 வெள்ளி முழுக்க இவர்கள் கொடுத்தார்கள். இன்னொரு முறை உள்ளே மின்பலகை போனதற்கு 380 ஆனபோது, 200 இவர்கள், மீதி 180 வீட்டுக்காரர். அந்த 200 வெள்ளி வரம்பைச் சில ஒப்பந்தங்கள் வேறு மாதிரி எழுதும்: செலவு வரம்பைத் தாண்டினால் முழுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. அப்படி எழுதியிருந்தால் அந்த 200 மிச்சமாகியிருக்கும். எப்படியோ, பராமரித்த ஏர்கானுக்கு முழு ஓவர்ஹால் கேட்பது பொருந்தவில்லை.

பெயின்ட். நியாயமான தேய்மானம் நீங்கலாக, வீட்டைப் பெற்ற நிலையில் திருப்பித் தர வேண்டும் என்று எல்லா ஒப்பந்தமும் சொல்லும். இரண்டு ஆண்டு மனிதர் வாழ்ந்த வீட்டில் சுவர் கொஞ்சம் மங்குவது தேய்மானம். அடுப்பை ஒட்டிய சுவரில் மஞ்சள் படர்ந்திருந்தது வேறு விஷயம். அந்தச் சமையல் வரி அதற்குப் பொருந்தும். அப்புறம், சாவி கொடுத்து ஒரு வாரத்திலேயே அதே வீடு மறுபடி விளம்பரத்துக்கு வந்ததை மனைவி கண்டுபிடித்தார். படங்களில் அதே சுவர், சோபாவுக்குப் பின்னால் அதே நாற்காலிக் கீறல். பெயின்ட் அடிக்கவே இல்லை. வீட்டுக்காரர் இணைத்திருந்ததும் விலைப்புள்ளிதான், செலவு செய்த ரசீது அல்ல.

அலமாரிக் கதவு இரண்டு. ஒன்றின் விளிம்பு உரிந்திருந்தது முதல் நாள் வீடியோவிலேயே தெளிவாக இருந்தது. இன்னொன்று இவர்கள் காலத்தில் நீராவியில் உப்பியது. அந்த அலமாரி பத்து ஆண்டுப் பழசு. பத்து ஆண்டு உழைத்த பொருளுக்குப் புதுப் பொருளின் விலையை முழுக்க ஒருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

பளிங்கில் இவர்களுக்குத் தப்ப வழியில்லை. சமையலறை முகப்பில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு மங்கல் வட்டங்கள். புளி கரைத்த பாத்திரத்தைத் தரையில் வைத்த இடம். பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட், புளி, எலுமிச்சை, வினிகர் எதுவானாலும் அதை அரித்துவிடும். அது மேலே படிந்த கறை அல்ல, கல்லின் மேற்பரப்பே போய்விட்டது. துடைத்தால் போகாது, தேய்த்துப் பாலிஷ் போட்டால்தான் உண்டு. சாயங்கால வெயிலில் தரையோடு கண் வைத்துப் பார்த்தால் வட்டம் பளிச்சென்று தெரியும் என்று மனைவியே சொன்னார். பளிங்குத் தரை உள்ள வீட்டை எடுக்கிற நம் வீடுகளில் இதைப் பெரிதாக எழுதி ஒட்டி வைக்கலாம்.

திரைச்சீலைக்கு ஒப்பந்தத்தில் டிரை கிளீனிங் என்று தெளிவாக இருந்தது. இவர்கள் வீட்டிலேயே துவைத்து மாட்டியிருந்தார்கள்.

தீர்ந்த விதம்

இந்தக் கணக்கை முதலில் வீட்டுக்காரருக்கே அமைதியாக எழுதி அனுப்பினார்கள். பாதியாவது தருவார் என்று எதிர்பார்த்தோம். லைட் குக்கிங் வரியை மட்டும் எடுத்துக் காட்டி, ஒரு காசும் தர முடியாது என்று பதில் வந்தது. சரி என்று சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் இணையம் வழியாக மனு கொடுத்தார்கள்.

இந்த மன்றம் இருப்பதே பலருக்குத் தெரியாது. ஈராண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்களின் தகராறுகளை இங்கே கொண்டுபோகலாம். வரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வைக்க முடியாது, இரண்டு பேரும் தாங்களே பேச வேண்டும். கட்டணமும் சிறியது. ஒப்பந்தம் இரண்டு ஆண்டைத் தாண்டினால் இந்தக் கதவு மூடிவிடும். கூடுதலாக ஒன்றிரண்டு மாதம் சேர்த்து எழுதுவதற்கு முன் அதையும் நினைக்க வேண்டும்.

முதல் சந்திப்பு விசாரணை அல்ல, சமரசம் பேசிப் பார்ப்பதற்கானது. நடத்திய அதிகாரி வீட்டுக்காரரிடம் கேட்டவை சுருக்கமான கேள்விகள். பெயின்ட் அடித்த ரசீது இருக்கிறதா? அலமாரிக் கதவு எப்போது போட்டது? சமையல் பற்றி உங்கள் ஏஜென்ட் எழுத்தில் என்ன சொன்னார்? அந்த மூன்றாவது கேள்விக்கு மனைவி பழைய வாட்ஸ்அப் பதிலைக் காட்டினார். கையெழுத்தான ஒப்பந்தத்தை ஒரு வாட்ஸ்அப் செய்தி தள்ளிவிடாது. ஆனால் வீட்டில் என்ன மாதிரிச் சமையல் நடக்கும் என்பது வீட்டுக்காரர் தரப்புக்கு முதலிலேயே தெரியும் என்பதை அது காட்டியது. அதற்குப் பிறகு அவர் குரல் இறங்கியது என்றார் கணவர்.

அன்றே முடித்துக்கொண்டார்கள். விட்டுப்போன ஒரு ஏர்கான் சர்வீஸுக்கு ஈடாக 120, அடுப்புச் சுவருக்கு 300, உப்பிய ஒரு கதவில் பாதி 170, பளிங்கு 450 முழுக்க, திரை 180 முழுக்க. ஆக 1,220 வெள்ளி இவர்கள் பொறுப்பு. மீதி 2,110 வெள்ளியை வீட்டுக்காரர் ஒரு வாரத்தில் அனுப்பிவிட்டார்.

என் கணக்கில் அந்த 1,220இல் திரையும் பளிங்கும் இவர்கள் கொடுக்க வேண்டியவையே. அடுப்புச் சுவருக்கான 300 மட்டும் எனக்கு உறுத்துகிறது. எல்ஓஐயில் ‘தினசரி குடும்பச் சமையல் அனுமதிக்கப்படுகிறது, அதனால் வரும் சாதாரண நிறமாற்றம் தேய்மானமாகக் கருதப்படும்’ என்று ஒரு வாக்கியம் போட்டிருந்தால் அந்த 300க்கு இடமே இல்லை. அந்த இரண்டு மாத மன உளைச்சலும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன், ஏனென்றால் வீட்டுக்காரர் கடைசிவரை பிடித்துத் தொங்கியது அந்த ஒற்றை வரியைத்தான்.

பொத்தோங் பாசிர் வீட்டின் எல்ஓஐயை இந்த முறை மனைவியே எழுதினார். சமையல் பற்றிய அந்த வாக்கியம், 200 வெள்ளியைத் தாண்டும் பழுது முழுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு, சாவி கொடுக்கும் நாளின் படங்கள் ஒப்பந்தத்தின் பகுதி, டெபாசிட்டில் பிடிப்பதற்கு ரசீது கட்டாயம், ஒப்பந்தம் ஒத்துவராவிட்டால் நம்பிக்கைப் பணம் முழுக்கத் திரும்பும். புது வீட்டுக்காரர் பழுது வரியை மட்டும் பழைய முறைக்கு மாற்றி, வரம்பை 150 ஆக்கினார். மற்ற நான்கையும் அப்படியே ஏற்றுக்கொண்டு மறுநாள் கையெழுத்துப் போட்டார்.